மோந்தால்மோவுக்கு வழி

சில்வானோவின் கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் அதை இரண்டு முறை படிப்போம். முதல் முறை தெருப்பக்கத்து அறையில், இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்துவைத்து, போர்த்துக்கீசியத்தில். இரண்டாம் முறை சமையலறையில், கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, எங்கள் பேச்சில்.

முதல் வாசிப்பு ஊருக்காக. சான்டா லீடியாவிலிருந்து போருக்குப் போன பதினொரு பேரில் என் தம்பியும் ஒருவன் என்பதை ஊர் மறந்துவிடக் கூடாது. இரண்டாவது அம்மாவுக்காக. பிரேசிலுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகியும் அம்மாவுக்குப் போர்த்துக்கீசியம் சந்தையில் தக்காளி பேரம் பேசும் அளவுக்குத்தான் வந்திருந்தது. அவள் இத்தாலி மலைக்காரி. அந்த மலைப்பேச்சுதான் வீட்டில் எங்கள் பேச்சு. நாற்பத்திரண்டில் நாடு போரில் இறங்கியதும் இத்தாலியம், ஜெர்மன், ஜப்பானியம் மூன்றையும் வெளியில் பேசக் கூடாது என்று கடைக்குக் கடை அட்டை மாட்டினார்கள். அந்த வருடமே அம்மா ஒரு ராத்திரி காவல் நிலையத்தில் இருந்துவிட்டு வந்தாள். செருப்புத் தைக்கும் அமடேயுவின் கடை வாசலில் நின்று, "வார் தச்சாச்சா?" என்று எங்கள் பேச்சில் கேட்டது குற்றம். "தச்சாச்சு" என்று பதில் சொன்ன அமடேயுவும் உள்ளே போனார்.

"ஒரு ஜோடி செருப்புக்கு ரெண்டு பேரு. நல்லவேளை, நீங்க பூட்ஸ் குடுக்கல" என்று விடிந்து வெளியே வரும்போது அவர் அம்மாவிடம் சொன்னாராம். போர்த்துக்கீசியத்தில்தான் சொன்னார்.

வீட்டையும் சோதனை போட்டார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, இத்தாலியிலிருந்து வந்திருந்த பழைய கடிதங்களையும் படங்களையும் நான் அடுப்பில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, நாற்பத்து நான்கு ஜூலையில், அந்த இத்தாலிக்கே சில்வானோவைக் கப்பலேற்றினார்கள். அங்கே அவன் பிரேசில் சீருடையில் நின்று யாரிடம் வேண்டுமானாலும் அம்மாவின் மொழியில் பேசினான். தளபதிகளே அவனை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்களாம். இங்கே அம்மா அதே மொழியில் கடிதத்தைக் கேட்பதற்கு, அடைத்த சமையலறையில் காப்பிக்கொட்டை வறுத்தாக வேண்டியிருந்தது.

வறுப்பது சத்தத்துக்காக. இரும்பு உருளையை அடுப்பின் மேல் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கொட்டைகள் உள்ளே கலகலவென்று உருளும். அந்தச் சத்தத்துக்குள் நான் அம்மாவின் காதருகே குனிந்து ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொல்வேன். ஊரில் எல்லோரும் சனிக்கிழமைதான் வறுப்பார்கள். எங்கள் வீட்டில் செவ்வாய், வியாழன் என்று கணக்கில்லாமல் வாசம் கிளம்பும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கேட்பார்கள்: "நேத்து காப்பி வாசம் தூக்குச்சே. தம்பி என்ன எழுதியிருக்கான்?"

ஏட்டு ஜுவெனாலுக்கும் அது தெரியும். முதல் வாசிப்புக்கு ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மொத்தத்தையும் கேட்டுவிட்டு, "நல்லா எழுதறான். ஆனா எதிரிய ஒரு தடவகூடத் திட்டலையே?" என்பார்.

"தணிக்கைக்காரங்க அடிச்சிருப்பாங்க ஏட்டய்யா" என்பேன்.

"திட்டுனா எதுக்கு அடிக்கப்போறாங்க டீச்சர்?" என்று என்னையே பார்ப்பார்.

அவர் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் வேலை நினைவுக்கு வரும். அந்த வருடம்தான் ஊர்ப் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. காவல் நிலையத்திலிருந்து ஒரு தாள் போனால் போதும்.

அக்டோபர் கடைசியில் வந்த கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு, மழை, சேறு. நடுவில் ஒரு வரி: "நேற்று கழுதை முதுகு மேல் நடந்து ஆற்றைக் கடந்தேன் என்று அம்மாவிடம் சொல்." ஜன்னலில் நின்ற ஏட்டு சிரித்தார். "பாவம், லாரிகூட இல்ல போல."

சமையலறையில் அந்த வரியைச் சொன்னதும் உருளை நின்றது.

"சுத்தும்மா, சத்தம் இல்ல" என்றேன்.

அம்மா சுற்றவில்லை. "அது எங்க ஊர்ப் பாலம்டி" என்றாள்.

சின்ன வயதில் நாங்கள் அழுதால் அடுப்புக் கரியால் அந்தப் பாலத்தைச் சுவரில் வரைந்து காட்டுவாள். கழுதை முதுகு மாதிரி கூனிய ஒரு பெரிய வளைவு, பக்கத்தில் சின்னச் சின்னதாக மூன்று. பாலத்துக்கு மேலே எங்கேயோ அம்மா பிறந்த ஊர். அதை அவள் "மேல" என்றுதான் சொல்வாள். "மேல பனி விழும்." "மேல அக்கா இருக்கா." அந்த ஊருக்குப் பெயர் உண்டா, பெரியம்மாவுக்குப் பெயர் உண்டா என்று நானோ சில்வானோவோ ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு அது பூமியில் இருக்கும் இடமாகத் தோன்றியதே இல்லை. பிறகு கேட்கும் வயது வந்தபோது, கேட்கக் கூடாத காலமும் வந்துவிட்டது.

அடுத்த வரியில் அவனே அதைத்தான் கேட்டிருந்தான். "அந்தப் பக்கத்தில் யாருக்காவது என்னிடம் சொல்லி அனுப்ப அம்மாவுக்கு ஏதாவது இருக்கிறதா?"

"எழுது" என்றாள் அம்மா. கொட்டை கருகுவது அவளுக்குத் தெரியவே இல்லை. "பாலத்தத் தாண்டி ஆத்தோரமாவே போகச் சொல்லு. மாவு மில்லு வரும். மில்லுக்குப் பின்னால கல்லுப்படி. ஏறி, ரெண்டு கஸ்தான்யா மரம் ஒண்ணா நிக்கிற இடத்துல வலது கைப்பக்கம் திரும்பணும். இடது பக்கம் போனா சுடுகாடு. மேல போனா மோந்தால்மோ. மாதா கோயில்லருந்து மூணாவது வீடு. கதவுல குதிரை லாடம் தலைகீழா அடிச்சிருக்கும். எங்கப்பன் குடிச்சுட்டு அடிச்சது. அக்கா பேரு எர்சீலியா. செலிந்தா மகன்னு சொன்னாப் போதும்."

ஊரின் பெயர், பெரியம்மாவின் பெயர் இரண்டையும் என் இருபத்து நாலாவது வயதில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

தனித் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டுச் செய்திகளை வேறொரு தாளில். போர்முனைக் கடிதங்களை ஒட்டாமல்தான் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எங்களைப் போன்ற வீட்டார் கடிதம் கொண்டுவந்தால் ஏட்டு பிரித்துப் பார்ப்பார். காலையில் எங்கள் ஊர் மாதா கோயில் பின்சுவர் வரைக்கும் போனேன். அங்கே நின்று அந்தத் தாளை ஏட்டின் கண்ணால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சண்டை நடக்கும் இடத்தில் ஒரு பாலம், ஒரு மில், ஏறும் படி, திரும்பும் இடம், எதிரி நாட்டுப் பெண்ணின் பெயர். அம்மாவைத் திரும்பவும் கூட்டிப்போவார்கள். அங்கே சில்வானோவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இந்த இரண்டையும் நான் நினைத்தது உண்மை. என் வேலையை அவற்றுக்கு முன்பே நினைத்துவிட்டேன் என்பதும் உண்மை. தாளை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் விட்டேன்.

தபால் நிலையத்தில் ஏட்டு நாற்காலியில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். அவர் தன் கையைப் பார்த்தார். சாறு வழிந்தது.

"போடுங்க டீச்சர். தம்பிதானே" என்றார். "என் வணக்கத்தையும் ஒரு வரி சேத்திருக்கலாம்ல?"

பிரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "போட்டியா?"

"போட்டேன்."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்பு கொள்ளவில்லை. துவைக்கப் போனால் பாதியில் எழுந்து வந்து, இன்றைக்கு என்ன தேதி என்பாள். கடிதம் போக இருபது நாள், அவன் மேலே ஏற ஒரு மணி நேரம், அக்காவிடம் பேச ஒரு நாள், பதில் வர இருபது நாள் என்று விரல் விடுவாள். பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பாள். நவம்பரில் ஒரு கடிதம், டிசம்பரில் இரண்டு. அவனை வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள். பனி, பதுங்குகுழி, காலுறைக்குள் வைக்கோல். சமையலறையில் உருளை சுற்ற ஆரம்பித்ததும் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "போனானா?"

"இன்னும் லீவு கெடைக்கலையாம்."

"நீ வழிய சரியாத்தானே எழுதினே? வலது கைப்பக்கம்தானே?"

"வலதுதாம்மா."

எங்கள் வீட்டில் வறுத்த காப்பி மலையாகக் குவிந்தது. அமடேயுவுக்கு ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "உன் தம்பி இன்னும் ஆறு மாசம் அங்க இருந்தா நான் காப்பிக்கடையே வச்சுருவேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் அம்மா ஏன் இப்படி அலையறாங்க? நாள் முழுக்க என் கடை வாசல்ல குறுக்கும் நெடுக்கும் நடக்கறாங்களே" என்று கேட்டார். குளிர் பற்றிய கவலை என்றேன்.

பிப்ரவரி நடுவில் வந்த கடிதம் இன்னும் வரி வரியாக எனக்கு நினைவிருக்கிறது. "அடுத்த வாரம் நாலு நாள் விடுப்பு. எல்லோரும் ஃப்ளோரன்ஸுக்குப் போகிறார்கள். நான் அந்தப் பாலத்துப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே? பெரியம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. உன் அம்மா எந்த ஊர் என்று இங்கே கேட்கிறார்கள். மேலே என்றேன். சிரிக்கிறார்கள். இந்த மலையில் எல்லோருக்குமே ஊர் மேலேதானாம்."

தேதியைப் பார்த்தேன். எழுதி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த நாலு நாளும் முடிந்து போயிருந்தன.

தெருப்பக்க வாசிப்பில் அந்த வரிகளைத் தாண்டிப் படித்தேன். சமையலறையில் அம்மா உருளையைப் பிடித்தாள். கன்னத்தில் சதை வற்றியிருந்தது. "போனானா?"

"போனான்" என்றேன்.

கலகலவென்ற சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. வேகம்தான் கூடியது. "லாடம் இருந்துச்சாமா?"

"இருந்துச்சாம்."

"தலைகீழாவா?"

"தலைகீழாத்தான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. கிழித்துப் போட்ட தாளில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். மில், படி, இரண்டு மரம். பெரியம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கஸ்தான்யாக் கொட்டை மாவில் அடை சுட்டுப் போட்டாள். மூன்று தின்றான். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொடுத்தாள்.

"அக்கா குடுத்தாளா? எங்கக்காவா? அவ கஞ்சப் பிசினாரியாச்சே!" அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று ராத்திரி சோளக்களியும் அவரைக்கொட்டையும் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மே எட்டாம் தேதி போர் முடிந்தது. ஊரே வாணம் விட்டது. ஏட்டு எங்கள் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "டோனா செலிந்தா, இனி என்ன பேச்சு வேணாலும் பேசுங்க" என்றார். அம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. அவன் வந்ததும் வறுப்பதற்கென்று பச்சைக்கொட்டை ஒரு மூட்டை வாங்கிவைத்தாள்.

நாலு நாள் கழித்துத் தந்தி வந்தது. ஏப்ரல் பதினாலாம் தேதி, மோந்தேசே என்ற ஊரைப் பிடிக்கும் சண்டையில். வாணம் விட்ட அன்று அவன் செத்து இருபத்து நாலு நாள் ஆகியிருந்தது.

மாதக் கடைசியில் அவனுடைய கடிதம் ஒன்று வந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் எழுதியது. துக்கம் கேட்க வந்துபோனவர்கள் எல்லோருக்கும் சேதி போய்விட்டது. ஜன்னல் பக்கம் கூட்டம் நின்றது. அந்தக் குளிர்கால விடுப்பைப் பற்றி அதில்தான் முதல்முறையாக எழுதியிருந்தான். பாலத்தின் நடுவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தானாம். அம்மா முகச்சாயலில் யாராவது கடந்து போகிறார்களா என்று பார்த்தானாம். கோவேறு கழுதையோடு ஒரு கிழவரும், முட்டைக்காரி ஒருத்தியும்தான் போனார்கள். கிழவரின் காது மட்டும் கொஞ்சம் அம்மாவின் காது மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தான்.

தெருவில் அதை முழுக்கப் படித்தேன். சமையலறையில், அடைக்கத் தேவையில்லாத ஜன்னலை அம்மா பழக்கத்தில் அடைத்தாள். அங்கே நான் பாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் முந்தைய பொய் உடையும்.

அடுத்த வருடம் இத்தாலிக்குத் தபால் திறந்தது. அம்மா என்னிடம் வரவில்லை. தன் அக்காவுக்கு எழுத, இத்தாலிய எழுத்து நன்றாகத் தெரிந்தவர் அமடேயு. நான் பள்ளியில் இருந்த ஒரு மதியம் அவரிடம் சொல்லி எழுதவைத்து, போட்டுவிட்டும் வந்திருந்தாள். சாயங்காலம்தான் சொன்னாள்.

"என்னம்மா எழுதினே?"

"என்ன எழுதுவேன்? அவனுக்குச் சோறு போட்டதுக்கு எழுதினேன். மூணு அடைக்கு, காலுறைக்கு. கடைசியா அவனத் தொட்டுப் பாத்த சொந்தம் அவதானே."

அதன் பிறகு இருப்பு கொள்ளாமல் போனது எனக்கு. தபால்காரரின் மணி கேட்டால் வகுப்பில் சுண்ணக்கட்டி கையில் உடையும். பதில் வராமல் இருக்க வேண்டிக்கொண்டேன். பெரியம்மா உயிரோடு இருக்கக் கூடாது என்று ஒரு தடவை நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

நாற்பத்தேழு பிப்ரவரியில் வந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நான் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. ஆனாலும் உருளையை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

"அமடேயுகிட்ட குடுக்கலாம்னு போனேன். அப்புறம், சில்வானோ கடிதமெல்லாம் நீதானே படிச்சே, இதையும் நீயே படின்னு திரும்பிட்டேன்" என்றாள்.

கிறுக்கலான எழுத்து. முதலில் எனக்குள் படித்தேன். மாற்றிச் சொல்ல முடியும். அந்தக் கணத்திலும் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன்.

"செலிந்தா, நீ நன்றி சொல்லியிருக்கிறாய். எனக்குப் புரியவில்லை. உன் மகன் இங்கே வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் என் வீட்டில் ஒரு பிடி மாவு கிடையாது. பிரேசில்காரர்கள் முட்டைக்காக மேலே ஏறி வருவார்கள். அவர்களில் நம் பேச்சு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வருகிற ஒவ்வொருவனையும் செலிந்தா மகனா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார்கள். கீழே இருக்கிறான் என்று யாராவது சொல்லியிருந்தால் இறங்கி வந்திருப்பேனே. ஒரு மணி நேரம்தானே. அவனை எங்கே வைத்திருக்கிறார்கள்? பிஸ்தோயாவில் உங்கள் ஆட்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறதாம். எங்கே என்று எழுது. பஸ் போகிறது. நான் போகிறேன்."

அம்மா கைப்பிடியை விடவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள். புகை வந்தது. கறுத்துப்போன கொட்டையை அப்படியே முற்றத்தில் கொட்டினாள். பிறகு பெட்டியிலிருந்து சில்வானோவின் கடிதக் கட்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் சுற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அமடேயுவின் கடைக்குப் போனாள்.

இருட்டும் நேரத்தில் வந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கவைத்திருக்கிறாள். கட்டை மேஜையில் வைத்தாள்.

"ரெண்டு தடவ கேட்டிருக்கான்" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் பின்சுவர், சாக்கடை, ஆரஞ்சு. அழுதேன். அவள் அழவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் வேலை பத்திரமா இருக்குல்ல?" என்றாள்.

இருந்தது. அந்த ஜனவரியில்தான் நிரந்தர உத்தரவு வந்திருந்தது.

"அந்தப் பாலத்துல ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்கான். குளிர்ல. காதப் பாத்துக்கிட்டு." அவள் தன் காதைத் தொட்டாள். அந்தக் கழுதைக்காரர் யாராக இருக்கும் என்று தனக்குள் இரண்டு மூன்று பெயர்களை முணுமுணுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"பேனா எடு. கல்லறை நம்பர் போட்டு வந்த ராணுவத்துக் காகிதத்தையும் எடு. எழுது. பிஸ்தோயா. எந்தப் பகுதி, எத்தனாவது வரிசை, என்ன நம்பர். எல்லாத்தையும் எழுது. பேரு முழுசா எழுது. சில்வானோ லுனார்தி. செலிந்தா மகன்னு போடு."

எழுதினேன். பகுதி, வரிசை, எண். எனக்குத் தெரிந்த திக்கித் திணறும் இத்தாலிய எழுத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். இன்னொரு முறை என்றாள். படித்தேன். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"காலைல நான் போட்டுடறேம்மா" என்றேன்.

"வேண்டாம். அமடேயு படிச்சுப் பாக்கட்டும். அப்புறம் நானே போடறேன்."

ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதிர்ச்சாரியில் அவர் கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்கு அருகே பிடித்து, வரிக்கு வரி விரலை நகர்த்தினார். அம்மா தாளைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்தபடி நின்றாள். எண் இருக்கும் வரியில் விரல் நின்றது. அவர் ராணுவத்துக் காகிதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நான் ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் தலையசைப்பதற்காகக் காத்திருந்தேன்.